பஸ் வீட்டுக்குரிய சூரிய மின்சாரம்: அளவை நிர்ணயிக்கும் முறை

பழைய பஸ் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, அதனை வசிக்கும் வீடாக மாற்றியமைக்க முற்படுவோர், சூரிய மின்சாரம் என்ற விஷயத்துக்கு வந்தவுடன் பெரும்பாலும் கேட்கும் முதற்கேள்வி, கூரையின்மேல் எத்தனை பேனல் கொள்ளும் என்பதே. கடைக்காரருக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடிக்கும். ஏனெனில் பஸ்ஸின் கூரை விசாலமானது, அதை நிரப்பிவிடுவது அவருடைய வியாபாரத்துக்கு உகந்தது. ஆனால் கணக்கு தொடங்க வேண்டிய இடம் கூரை அன்று. அந்த வீட்டில் வசிக்கப்போகிறவர் ஒரு நாளில் எவ்வளவு மின்சாரம் செலவழிப்பார் என்பது முதற்கேள்வி. வருஷத்தின் மிக மோசமான மாதத்தில் அவ்வூரின் வானம் எவ்வளவு கொடுக்கும் என்பது இரண்டாவது கேள்வி. இவ்விரண்டுக்கும் விடை கண்டபின், பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர் ஆகியவற்றின் அளவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே வந்து நிற்கும்.

இந்த அத்தியாயத்தின் கணக்குகளுக்கு, விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூர்ப் பக்கத்து அச்சங்குளத்தை இருப்பிடமாக வைத்துக்கொள்கிறேன். பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்குத் தொழிலாளரைக் கிராமம் கிராமமாகச் சென்று ஏற்றிவரும் பஸ்கள் அவ்வட்டாரத்தில் அநேகம். அவை முதுமையடைந்து விலைக்கு வரும்போது வாங்கி, ஒரு கரிசல் நிலத்தின் ஓரத்தில் நிறுத்தி, வேண்டும்போது பிரயாணமும் செய்யக்கூடிய வீடாக்கிக்கொள்ள ஒருவர் விரும்புகிறார் என்று கொள்வோம். வண்டியின் அமைப்பை மாற்றுமுன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியைப் பெறவேண்டும் என்பதை மட்டும் இங்கே நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறேன்.

முன்னோடிகள் நம் நாட்டிலேயே உண்டு. நாமக்கல்லைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் அருண் பிரபு 2019-ல் ஓர் ஆட்டோ ரிக்‌ஷாவின்மேல் 36 சதுர அடியில் ஒரு வீட்டையே அமைத்து, அதற்கு 600 வாட் பேனலும் 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் வைத்தார். செலவு ஏறக்குறைய ஒரு லட்ச ரூபாய். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2020-ன் இறுதியில் பழைய பஸ்களைப் படுக்கை அறைகளாக்கி மூணாறு டிப்போவுக்குள்ளேயே நிறுத்தி, குறைந்த வாடகைக்கு விட்டது. நமது விஷயத்துக்கு இவ்விரண்டையும்விட அதிகம் கற்பிப்பது ஒரு ரயில் வண்டி. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் கட்டப்பட்டு 2017 ஜூலையில் டில்லியில் ஓடத் தொடங்கிய அந்த டீசல் ரயிலின் ஆறு பெட்டிகளில், பெட்டி ஒன்றுக்கு 300 வாட் பேனல்கள் 16 வீதம் பொருத்தப்பட்டன. அதாவது ஒரு பெட்டியின் கூரைமேல் 4,800 வாட். அவ்வளவு பேனலைக்கொண்டும் அவர்கள் இயக்கியது விளக்கு, மின்விசிறி, அறிவிப்புப் பலகை முதலியவற்றையே. சக்கரத்தைச் சுழற்றும் வேலை டீசலிடமே இருந்தது. எந்த வேலையைச் சூரியனிடம் ஒப்படைப்பது, எதை ஒப்படைக்கலாகாது என்ற விவேகத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேண்டியதில்லை.

மூணாற்றில் நிற்கும் பஸ்ஸையும் அச்சங்குளத்தில் நிற்கும் பஸ்ஸையும் ஒரே கணக்கில் அடக்க முடியாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மலையூரில் மின்விசிறி அநாவசியம். சாத்தூர்க் கரிசலிலோ அது இரவும் பகலும் சுழலாவிட்டால் மனிதன் பஸ்ஸுக்குள் இருக்க முடியாது. குளிர்ப்பெட்டியும் அங்கே ஓய்ந்து ஓய்ந்து ஓடும். இங்கே ஓயாது ஓடும். அந்நிய தேசத்துப் பஸ் வீட்டுக்காரர்கள் எழுதிய நூல்களைப் படிப்பவர்கள் இதே எச்சரிக்கையை இன்னும் அதிகமாக மனத்தில் கொள்ளவேண்டும். பனி விழும் நாடுகளில் குளிர்காலப் பகல் எட்டொன்பது மணி நேரமாகச் சுருங்கிவிடும். அவர்கள் பேனலைச் சாய்த்துவைப்பது பற்றியும், லித்தியம் பேட்டரி உறைகுளிரில் மின்னேற்றம் ஏற்க மறுப்பது பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுவது இயல்பே. நமக்குப் பகைவன் குளிரன்று, உஷ்ணம்.

வானம் கொடுப்பது

அச்சங்குளம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய ஒன்பதேகால் பாகையில் உள்ளது. அதனால் வருஷத்தில் இருமுறை, சித்திரை பிறக்கும் நாளை ஒட்டியும் ஆவணி நடுவிலும், உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்குமேல் நிற்கும். மார்கழியில் அது தெற்கே முப்பத்துமூன்று பாகையளவு சாயும். பகற்பொழுதின் நீளமோ ஆண்டு முழுவதிலும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக மட்டுமே மாறும். ஆகவே இங்கே பருவ வேறுபாட்டை உண்டாக்குவது சூரியனுடைய கதியைக் காட்டிலும் மேகமே. மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரி 800 மில்லிமீட்டர் அளவுதான் என்றாலும், அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்துவிடும். வெடிமருந்து உலர்த்துவதற்கும் தீக்குச்சி காய்வதற்கும் ஏற்ற வறண்ட வெயில் இருந்தமையால் தீப்பெட்டியும் பட்டாசும் நிலைகொண்ட சீமை இது. அந்த ஆலைகளின் மேடைகளில் மருந்து உலராத நாட்கள் எவையோ, அவைதாம் பஸ் வீட்டின் பேட்டரியும் நிரம்பாத நாட்கள்.

ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் 1,000 வாட் வீழும் உக்கிரமான வெயிலை அளவுகோலாகக் கொண்டு, நாள் முழுவதும் வந்த வெயிலை அந்த உக்கிரத்துக்குச் சமமான மணிகளாகச் சுருக்கிச் சொல்வது இத்தொழிலின் வழக்கம். இதனை முழுவெயில் மணி எனலாம். காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை வெயில் அடித்தாலும் முழுவெயில் மணி பன்னிரண்டு ஆகிவிடாது. தென் தமிழகத்தில் ஆண்டுச் சராசரி ஐந்துக்குச் சற்று மேல். பங்குனியில் ஆறையும் தொடும். கார்த்திகையில் நான்களவுக்கு இறங்கும். விடாமழை பிடித்த நாளில் இரண்டுகூடத் தேறாது. நமது கணக்குக்கு நான்கையே எடுத்துக்கொள்ள வேண்டும். மானாவாரிக் கரிசலில் விதைக்கிறவன் நல்ல மழை பெய்த வருஷத்தை நினைத்துக் குதிரின் அளவைத் தீர்மானிப்பதில்லை அல்லவா? ஆண்டுச் சராசரியை வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுப்பவர் உங்களுக்கு மலிவாக முடித்துக் கொடுப்பார். கார்த்திகை மாதத்தில் இருட்டில் உட்காருவது நீங்கள்தான்.

வீடு கேட்பது

இனி செலவுப் பக்கம். ஒரு கருவியின் வாட்டை அது ஓடும் மணியால் பெருக்கினால் வாட்-மணி. ஆயிரம் வாட்-மணி சேர்ந்தது மின்வாரிய பில்லில் காணும் ஒரு யூனிட். கணவன், மனைவி, பள்ளி செல்லும் குழந்தை ஒன்று என்று மூவர் வசிக்கும் பஸ்ஸை எண்ணிக்கொள்வோம்.

பஸ்ஸின் உள்ளுயரம் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்குமளவே ஆதலால் வீட்டில் மாட்டும் சீலிங் ஃபேனை அங்கே நினைக்கவும் கூடாது. 24 வோல்ட்டில் நேரடியாக ஓடும் 20 வாட் சுவர் விசிறிகள் இரண்டைப் பதினான்கு மணி நேரம் ஓடவிட்டால் 560 வாட்-மணி. ஐந்து வாட் எல்.இ.டி. விளக்குகள் ஐந்தை ஐந்து மணி நேரம் எரித்தால் 125. தண்ணீர் ஏற்றும் 60 வாட் பம்பு அரைமணிக்கு 30. கைபேசிகளுக்கும் ஒரு மடிக்கணினிக்கும் சேர்த்து 180. முப்பது வாட் தொலைக்காட்சி மூன்று மணிக்கு 90. மிக்ஸி 750 வாட் என்று பயமுறுத்தினாலும், சட்னிக்கும் மசாலாவுக்குமாகப் பத்து நிமிஷம்தானே ஓடுகிறது. 125-க்கு மேல் போகாது. ஒருநாள் விட்டு ஒருநாள் மாவாட்டும் சிறு கிரைண்டரைச் சராசரியாக 50 என்று எழுதலாம். இவை ஒவ்வொன்றையும் தனியொரு கருவி மிஞ்சிவிடுகிறது, அதுதான் குளிர்ப்பெட்டி. நூற்றெண்பது லிட்டர் பெட்டியின் நட்சத்திரச் சீட்டில் ஆண்டுக்கு இருநூறு யூனிட்டுக்கும் குறைவாகப் போட்டிருப்பார்கள். அது பரிசோதனைச் சாலையின் கணக்கு. சித்திரை வெயிலில் தகரக் கூட்டுக்குள் நிற்கும் பெட்டிக்கு நாளொன்றுக்கு 900 வாட்-மணி ஒதுக்குவதே விவேகம்.

இதுவரை கூட்டினால் 2,060. பலர் இவ்விடத்தில் கணக்கை மூடிவிடுகிறார்கள். ஆனால் இன்வெர்ட்டர் என்பது வேலை செய்யாமல் சும்மா விழித்திருப்பதற்கே கூலி கேட்கும் கருவி. குளிர்ப்பெட்டிக்காக அது இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருக்க வேண்டுமாகையால், மணிக்குப் பதினைந்து வாட்-மணி வீதம் 360 வாட்-மணி அதற்கே போகிறது. நமது விளக்குகள் அனைத்துக்கும் ஆகும் செலவைப்போல் இது ஏறக்குறைய மும்மடங்கு. மின்சாரத்தை மாற்றித் தரும்போது விரயமாகும் பத்தில் ஒரு பங்கையும் சேர்த்தால், மொத்தம் 2,570-க்கு வந்து நிற்கும். 2,600 வாட்-மணி, அதாவது 2.6 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 24 வோல்ட்டில் நேரே ஓடும் குளிர்ப்பெட்டியை அதிக விலை கொடுத்து வாங்கச் சக்தியுள்ளவர்கள், இரவில் இன்வெர்ட்டரையே அணைத்துவிட்டு இக்கணக்கில் கணிசமாக மிச்சம் பிடிக்கலாம்.

ஏசியைப் பற்றிக் கேட்பார்கள். ஒரு டன் ஏசி இரவு எட்டு மணி நேரம் ஓடினால், வெப்பத்தடுப்பு நன்றாகச் செய்யப்பட்ட பஸ்ஸிலும் ஐந்தரை யூனிட் கேட்கும். நாள் தேவை மும்மடங்குக்கு மேலாகும். கூரையை முக்காலளவுக்குப் பேனல் அடைத்துக்கொள்ளும். பேட்டரியின் விலை மற்றெல்லாச் செலவையும் விழுங்கிவிடும். என் அபிப்பிராயம் இதில் திட்டவட்டமானது: அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கூரையின் உட்புறத்தில் இரண்டங்குல வெப்பத்தடுப்புப் பலகை பதிப்பதிலும், சன்னல்களுக்கு வெளிப்புறமாகத் தட்டி கட்டுவதிலும் செலவழியுங்கள். கூரைக்குமேல் இடைவெளி விட்டுப் பொருத்திய பேனலே ஒரு நிழற்பந்தலாக நின்று உள்வெப்பத்தைத் தணிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மின் அடுப்பும் அவ்வாறே. சமையலை சிலிண்டரிடம் விட்டுவிடுவது உத்தமம்.

பேனல்

நாள் தேவை 2,600. முழுவெயில் மணி 4. வகுத்தால் 650 வாட் பேனல் போதும்போல் தோன்றும். ஆனால் பேனலின் முதுகில் அச்சடித்த வாட், அதன் சில்லுகள் 25 டிகிரியில் இருக்கும்போது தரும் வாட். அச்சங்குளத்து உச்சிவெயிலில், பஸ் கூரைமேல், அந்தச் சில்லுகள் 60, 65 டிகிரிக்குப் போய்விடும். ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் ஏறக்குறைய 0.35 பங்கு குறையுமாகையால் நூற்றுக்குப் பதின்மூன்று வீதம் அங்கேயே போயிற்று. கரிசல் தூசி ஏழு வீதத்தை எடுத்துக்கொள்ளும். பேனலுக்கும் பேட்டரிக்கும் இடையே நின்று மின்னேற்றத்தை ஒழுங்குசெய்யும் கன்ட்ரோலரும் கம்பியும் ஆறு. பேட்டரிக்குள் போய்த் திரும்பி வருவதில் ஏழு. எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தால் கைக்கு வருவது நூற்றுக்கு எழுபது. எனவே 2,600-ஐ 4-ஆலும் பிறகு 0.7-ஆலும் வகுக்க, 930 வாட் என்று ஆகிறது.

இன்று கடையில் எளிதில் கிடைக்கும் பெரிய பேனல் 545 வாட் அளவினது, நீளம் 2.28 மீட்டர், அகலம் 1.13 மீட்டர், எடை 28 கிலோ அளவில் இருக்கும். இவற்றில் இரண்டு வைத்தால் 1,090 வாட், கணக்குக்குப் போதும். ஆயினும் மூன்று வைக்கவேண்டும் என்றே சொல்வேன். காரணம் மழைநாளுக்கு மறுநாள். இரண்டு நாள் மூடாப்புக்குப் பின் வெயில் வரும்போது, அன்றைய செலவையும் ஈடுசெய்து, காலியான பேட்டரியையும் நிரப்ப வேண்டியிருக்கிறது. இரண்டு பேனல் உள்ள வீட்டில் கார்த்திகை வெயில் 3,050 வாட்-மணி தரும்; செலவுபோக மிஞ்சுவது 450; பேட்டரி நிரம்ப ஒரு வாரத்துக்கு மேலாகும், அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். மூன்று பேனல், 1,635 வாட், அதே நாளில் 4,580 தரும். இரண்டே நாளில் பேட்டரி மீண்டும் நிரம்பும். முழுவெயில் மணி இரண்டாகக் குறைந்த மந்தமான நாளிலும் 2,290 வந்து, செலவின் பெரும்பகுதி அன்றன்றே ஈடாகிவிடும். சித்திரையில் நாளொன்றுக்கு ஆறரை யூனிட்டுக்கு மேல் வருமாதலால், செலவுபோக மிஞ்சும் உபரியை இஸ்திரிப் பெட்டிக்கும் கிரைண்டருக்கும் நடுப்பகலில் செலவழித்துக்கொள்ளலாம்.

பஸ்ஸின் அகலம் இரண்டரை மீட்டர் இருப்பதால், 2.28 மீட்டர் நீளமுள்ள பேனலைக் குறுக்காகப் படுக்க வைத்தால் இரு ஓரங்களிலும் பத்துச் சென்டிமீட்டர் மிஞ்சும். மூன்று பேனலும் நீளவாட்டில் மூன்றரை மீட்டரையே அடைத்துக்கொள்ளும். கூரைத் தகட்டில் திருகக்கூடாது; உள்ளேயுள்ள இரும்பு வளைவுகளோடு ஆங்கிள் வைத்துப் போல்ட் முடுக்க வேண்டும். ஒட்டுப்பசையை நம்பி நெடுஞ்சாலையில் ஓடுவது பின்னால் வருகிறவர்களுக்குச் செய்யும் துரோகம். கூரைக்கும் பேனலுக்கும் இடையே குறைந்தது நான்கங்குலம் காற்று புக இடம் வேண்டும். சாய்வு நமது அட்சரேகையில் பெரிய விஷயமன்று. தட்டையாக வைப்பதால் ஆண்டு முழுவதற்கும் நூற்றுக்கு ஒன்றிரண்டு வீதமே நஷ்டம். மழைநீர் வழிந்தோடத் தக்க சிறு சாய்வு போதும். கார்த்திகை முதல் தைவரை ஒரே இடத்தில் நிற்கிற பஸ்ஸானால், அதைக் கிழக்கு மேற்காக நிறுத்தி, பேனல்களின் வடக்கோரத்தைப் பத்துப் பாகை தூக்கி வைத்தால், தெளிந்த நாட்களில் பத்தில் ஒரு பங்கு அதிகம் கிடைக்கும்.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. அண்டை மாவட்டமான இராமநாதபுரத்துக் கமுதியில் 2016-ல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தில், பேனல்களை அன்றாடம் துடைப்பதற்கென்றே இயந்திரங்களை வைத்திருக்கிறார்கள் என்றால், இந்தச் சீமையின் தூசி எத்தகையது என்பது விளங்கும். ஆடிக்காற்று அடிக்கும் காலத்தில் வாரம் இருமுறையாவது விடியற்காலையில், பேனல் குளிர்ந்திருக்கையில், மென்துணியால் துடைக்கவேண்டும். போர்க்குழாயின் உப்புத்தண்ணீர் வெள்ளைத் திட்டுகளை விட்டுச்செல்லும். பிடித்துவைத்த மழைநீர் நல்லது. நிழல் தூசியைவிடக் கொடியது. சீமைக் கருவேலத்தின் ஒரு கிளை நிழல் ஒரு பேனலின் மூலையில் விழுந்தாலே அந்தப் பேனல் தன் வரவில் மூன்றிலொரு பங்கை இழக்கக்கூடும். பஸ்ஸை மரநிழலில் நிறுத்தும் ஆசையை, பேனல் வைத்த நாளோடு விட்டுவிட வேண்டியதுதான்.

பேட்டரி

மாலை ஐந்தரையிலிருந்து காலை எட்டு மணிவரை இந்த வீடு செலவழிப்பது சுமார் 1,500 வாட்-மணி. அதனோடு, வெயிலே காணாத ஒரு முழு நாளுக்கு 2,600 சேர்த்தால் 4,100. இதுதான் பேட்டரியிலிருந்து உண்மையில் எடுக்கத்தக்க அளவாக இருக்கவேண்டும்.

வீடுகளில் யு.பி.எஸ்.ஸுக்கு வைக்கும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி 1,800 வாட்-மணி கொள்ளும் என்று சொல்லப்பட்டாலும், பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் சுருங்கும். ஆகவே அது தருவது 900. நமக்கு ஐந்து வேண்டும். 24 வோல்ட்டுக்கு ஜோடி ஜோடியாக இணைக்க வேண்டுமாதலால் ஆறு. ஒவ்வொன்றும் ஐம்பதைந்து அறுபது கிலோ. முந்நூற்றைம்பது கிலோ ஈயமும் அமிலமும் பஸ்ஸின் ஒரு மூலையில்! அன்றியும் மின்னேற்றத்தின்போது அவற்றிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே அது தீப்பற்றும். மனிதர் உறங்கும் மூடிய கூட்டுக்குள் இதனை வைக்க நான் சம்மதியேன். 24 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று 5,120 வாட்-மணி கொள்ளும். அதில் ஐந்தில் நான்கு பங்கை அச்சமின்றி எடுக்கலாம். கிடைப்பது சரியாக 4,100. எடை ஐம்பது கிலோ அளவு. முதல் விலை அதிகம்; ஆனால் ஆயுளால் வகுத்துப் பார்த்தால் இதுவே மலிவு.

எந்த வகையானாலும் உஷ்ணம் அதைத் தின்னும். ஈய பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலாளர் அறிந்த பிரமாணம். லித்தியமும் 45 டிகிரிக்கு மேல் மின்னேற்றம் பெறுவதை விரும்பாது. சாத்திய சன்னல்களோடு வெயிலில் நிற்கும் பஸ்ஸின் உள்ளே 50 டிகிரி ஆவது சகஜம். ஆதலால் பேட்டரிப் பெட்டியை எஞ்சினுக்கு எட்டத்தில், தரையோடு தாழ்வாக, நிழற்பக்கத்தில், காற்றோட்டத்துடன் அமைக்க வேண்டும்.

இணைப்புகள்

பஸ்ஸின் சொந்த மின்னமைப்பே 24 வோல்ட் ஆதலால் வீட்டின் அமைப்பையும் 24 வோல்ட்டிலேயே வைப்பது சிலாக்கியம். 1,500 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் 125 ஆம்பியர் பாயும். 24-ல் அதில் பாதி. கம்பியின் கனமும் சூடும் அதற்கேற்பக் குறையும். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியையும் வீட்டு பேட்டரியையும் நேராகச் சேர்த்துவிடக் கூடாது; பஸ் ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து கொஞ்சம் ஏற்றிக்கொள்ள விரும்புவோர் இடையில் அதற்கென உள்ள சார்ஜரை வைக்கவேண்டும்.

கன்ட்ரோலர் விஷயத்தில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 545 வாட் பேனலின் திறந்த நிலை வோல்ட்டேஜ் 49.5 அளவு. மூன்றையும் தொடராக இணைத்தால் 148.5, கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கன்ட்ரோலரின் எல்லை 150, சரியாகப் போயிற்று என்று தோன்றும். மார்கழி விடியலில் பேனல் 20 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கையில் முதல் வெயில் படும்போது அது 150-ஐத் தாண்டும், கன்ட்ரோலர் கருகும். எனவே மூன்றையும் இணையாகவே சேர்க்க வேண்டும். ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும் மற்றிரண்டும் பாதிக்கப்படாமல் உழைக்கும் என்பது இதன் கூடுதல் லாபம். இணையாகச் சேர்க்கையில் ஒவ்வொரு பேனலுக்கும் தனி ஃபியூஸ் அவசியம். அதன் அளவு பேனலின் பின்புறச் சீட்டில் குறித்த எல்லையை மீறக்கூடாது. 1,635 வாட்டை 27 வோல்ட்டால் வகுத்தால் 60 ஆம்பியர். அந்த அளவுள்ள எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வாங்கவேண்டும்; மலிவான பி.டபிள்யூ.எம். வகை இந்தப் பேனலின் சக்தியில் மூன்றிலொரு பங்கை வீணாக்கிவிடும்.

இன்வெர்ட்டர் சுத்த சைன் அலை தருவதாக, 1,500 வாட் தாங்குவதாக இருந்தால் போதும். குளிர்ப்பெட்டியின் மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். மிக்ஸியும் அதே கணத்தில் ஓடினாலும் தாங்கவேண்டும். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் கம்பி ஐந்தடிக்கு மேற்படாமல், 35 சதுர மில்லிமீட்டர் கனத்தில், பேட்டரியின் முனையருகிலேயே ஃபியூஸுடன் இருக்கட்டும்.

பணத்தைப் பற்றி இரண்டு விஷயம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டென்று கேட்டு ஆசைப்படுவோர், அது மின்வாரியக் கம்பியோடு இணைந்த வீட்டுக் கூரைகளுக்கே என்பதை அறியவேண்டும். தனித்து நிற்கும் பஸ்ஸுக்கு இல்லை. மேலும், உங்கள் பஸ் ஒருபோதும் நகராமல், வீட்டு மின்னிணைப்பு கிடைக்கிற இடத்திலேயே நிற்கப்போகிறது என்றால் இந்த அத்தியாயமே தேவையற்றது. நாளொன்றுக்கு 2.6 யூனிட் என்பது இரண்டு மாதத்துக்கு 156 யூனிட். அதில் நூறு யூனிட் தமிழ்நாட்டில் இலவசம். மீதிக்குக் கட்டும் தொகையைக்கொண்டு பேட்டரியின் விலையை ஒரு தலைமுறையிலும் ஈடுகட்ட முடியாது. சூரிய மின்சாரம் இங்கே சிக்கனத்துக்காக அன்று, நகரும் சுதந்திரத்துக்காக.

பட்டாசுச் சீமையில் நிறுத்துவோருக்கு

கடைசியாக இடத்துக்கே உரிய ஒரு ஜாக்கிரதை. 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் இந்த அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையொன்றில் நிகழ்ந்த வெடிவிபத்தில் இருபது பேரளவில் மாண்டனர். ஓர் உராய்வு, ஒரு பொறி, அவ்வட்டாரத்தில் எதைச் செய்யும் என்பதை அங்குள்ளவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து பஸ் வீட்டோடு வருகிறவர்களுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. வீட்டு மின்சாரம் விநாடிக்கு நூறுமுறை பூஜ்யத்தைத் தொட்டு எழுவதால் அதில் எழும் பொறி தானே அணைய வாய்ப்புண்டு. பேனலிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் வரும் நேர்மின்சாரத்தில் தளர்ந்த இணைப்பொன்றில் பற்றிய பொறி அணையாமல் நின்றெரியும். ஆகையால் வீட்டுக்குரிய சாதாரண சுவிட்சும் பிரேக்கரும் இங்கே உதவா. நேர்மின்சாரத்துக்கென்று செய்யப்பட்டவையே வேண்டும். பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே கைக்கெட்டும் இடத்தில் ஒரு துண்டிப்பான், பேட்டரிக்கு ஒன்று, ஆக இரண்டு. பஸ்ஸின் குலுக்கலில் திருகுகள் தளரும். ஒவ்வொரு நீண்ட பிரயாணத்துக்குப் பின்னும் துண்டிப்பான்களை அணைத்துவிட்டு முனைகளை இறுக்கிப் பாருங்கள். ரப்பர்ச் சக்கரங்களின்மேல் நிற்கும் இரும்புக் கூடாதலால், நிறுத்தியவுடன் அதன் சட்டத்தைத் தரையில் அடித்த கம்பியோடு பிணைத்து எர்த் கொடுங்கள். ஐப்பசி இடிமின்னல் காலத்தில் இது இன்றியமையாதது.

பட்டாசு ஆலை, மருந்து உலர்த்தும் மேடை, சரக்குக் கிட்டங்கி ஆகிய எதற்கும் அருகே பஸ்ஸை நிறுத்தாதீர்கள். இடம் எதுவென்று தெரியாவிட்டால் ஊருக்குள் விசாரித்துவிட்டு நிறுத்துங்கள்.